வீட்டெலியும் தமிழர் வாழிடமும்: திருமயம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் திருமயம். இராமநாதபுரம் சேதுபதியால் 1687ஆம் ஆண்டு கட்டப்பட்ட கோட்டையும், ஒரே குன்றில் குடையப்பட்ட சிவன், திருமால் கோயில்களும் இவ்வூரின் அடையாளங்கள். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இங்குதான். இவற்றைக் காண வரும் பயணிகள் பலர், கடியாபட்டி, கானாடுகாத்தான், காரைக்குடி போன்ற ஊர்களில் உள்ள பழைய நகரத்தார் வீடுகளில் தங்குகின்றனர். இவ்வீடுகளில் சில மரபு விடுதிகளாகவும், சில நாள்வாடகைக்கு விடப்படும் இல்லங்களாகவும் மாறியுள்ளன.

ஆண்டில் பல மாதங்கள் பூட்டிக் கிடந்து, சில நாள்கள் மட்டும் மனிதர் தங்கும் வீட்டில் எலி குடிபுகுவது இயல்பு. அதை எப்படி விரட்டுவது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் இதற்குப் பல நூற்றாண்டு வரலாறு உண்டு. கட்டடக்கலை, கொள்ளைநோய், பழங்குடியினர் வாழ்க்கை, வேதியியல், சட்டம் ஆகிய அனைத்தும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. தவறான வழியைத் தேர்ந்தெடுத்தால் மனித உயிரே போகும் என்பதையும் அது காட்டுகிறது.

எலி வகைகள்

பொதுவாக எலி என்று நாம் அழைப்பவை பல வேறு இனங்கள். வீட்டின் பரணிலும் ஓட்டுக் கூரையிலும் வாழ்வது வீட்டெலி. இது நன்றாக ஏறும். இதன் வால் உடலைவிட நீளமானது. அலமாரியிலும் பெட்டியிலும் காணப்படும் மிகச் சிறிய எலி சுண்டெலி. சாக்கடையிலும் வீட்டின் அடித்தளத்திலும் வளை தோண்டுவது பெருச்சாளி. வயலில் வாழும் வயல் எலியும் வெள்ளெலியும் அரிதாகவே வீட்டுக்குள் வருகின்றன. கூர்மையான மூக்குடன் சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு எலி இனமே அன்று. அது பூச்சிகளைத் தின்னும் வேறொரு பாலூட்டி. ஆகவே மூஞ்சூற்றைக் கண்டவுடன் எலி மருந்து வைப்பது பொருளற்றது.

வீட்டெலியின் பூர்விகம் இந்தியத் துணைக்கண்டம் என்று உயிரியலாளர் கருதுகின்றனர். இங்கிருந்து தானிய மூட்டைகளோடும் கப்பல்களோடும் மேற்காசியாவுக்கும், உரோமானிய வணிகக் காலத்தில் ஐரோப்பாவுக்கும் அது பரவியது. மிளகும் துணியும் சென்ற அதே வழிகளில் எலியும் சென்றது எனலாம்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்ப்பதற்காகவே அது மரம், துணி, காகிதம், மின்கம்பி என எதையும் கடிக்கிறது. சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ 3 வாரங்கள். பிறந்த குட்டி 6 முதல் 8 வாரங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். எனவே ஓரிரு எலிகள் நுழைந்த வீடு சில மாதம் கவனிப்பாரின்றிக் கிடந்தால் பெருங்கூட்டத்துக்கு இருப்பிடமாகிவிடும்.

பழந்தமிழ் நூல்களில் எலி

சங்க காலத்திலேயே எலி உழவருக்கு நன்கு அறிமுகமான பகை. புறநானூற்றின் 190ஆம் பாடலைப் பாடியவர் சோழன் நல்லுருத்திரன். விளைந்த கதிர்களைத் திருடி வளையில் நிறைத்து வைக்கும் எலியைப் போன்றோரின் நட்பு வேண்டாம் என்றும், புலி போன்ற ஊக்கம் உடையோரின் நட்பே வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். எலி தானியத்தைத் தின்பதோடு நில்லாமல் சேமித்தும் வைக்கும் என்ற நுட்பமான கவனிப்பு இப்பாடலில் உள்ளது. இந்தச் சேமிப்பே பிற்காலத்தில் இருளர் பழங்குடியினரின் உணவு ஆதாரங்களில் ஒன்றானதைப் பின்னர்க் காண்போம்.

திருக்குறளின் 763ஆம் குறள், கடல்போல் திரண்டு ஒலிக்கும் எலிப்படையும் நாகத்தின் மூச்சுக்கு முன் நில்லாது என்னும் கருத்தைத் தருகிறது. படையின் தன்மையை விளக்கவே இவ்வுவமை வந்தது. எனினும் எலிக்கு இயற்கைப் பகை பாம்பு என்ற பட்டறிவு அதன் அடிப்படையாக உள்ளது.

எலியைப் பற்றிய பழமொழிகளும் நம்மிடம் ஏராளம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது குடித்தனத்தைப் பற்றியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல என்பது, சிறு தொல்லையை நீக்கப் பெருங்கேட்டை வரவழைப்பதைக் குறிப்பது. இந்த இரண்டாவது பழமொழி உண்மை நிகழ்ச்சியாகவே மாறிய காலங்கள் உண்டு.

களஞ்சியமும் உறியும்

எலியைக் கொல்வதைவிட உணவை அதற்கு எட்டாமல் வைப்பதே பழந்தமிழர் கையாண்ட முதன்மையான வழி. இதற்கு நம் வீடுகளில் இருந்த பொருள்களே சான்று.

குதிர் என்பது களிமண்ணுடன் வைக்கோல் போன்றவற்றைக் கலந்து வனைந்த உயரமான தானியக் கலம். மேல்வாயை மூடி மண்ணால் பூசிவிடுவர். அடிப்பக்கம் உள்ள சிறு துளை வழியாகத் தேவையான அளவு நெல்லை எடுத்துவிட்டு மீண்டும் அடைத்துவிடுவர். தென்மாவட்டங்களில் இதைக் குலுக்கை என்றும் சொல்வர். வசதி படைத்தோர் வீடுகளில் கெட்டியான மரப்பலகைகளால் செய்த பத்தாயம் இருந்தது. நெய், தயிர், வெண்ணெய்ப் பானைகள் உறியில் தொங்கின. விட்டத்திலிருந்து தொங்கும் உறி சுவரையோ தூணையோ தொடாது. எனவே எலியும் பூனையும் அதை எளிதில் அடைய முடியாது.

கோயில்களிலும் இதே அறிவு பெரிய அளவில் செயல்பட்டது. திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் வட்ட வடிவான பெரிய செங்கல் களஞ்சியங்கள் இன்றும் உள்ளன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்தில் கட்டப்பட்ட களஞ்சியம் 3000 கலம் நெல் கொள்ளக்கூடியது. தடித்த செங்கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட இத்தகைய கட்டடத்தில் எலி நுழைவது கடினம். சுவர் வழவழப்பாக இருந்தால் எலியால் ஏறவும் முடியாது.

தென்னை மரத்தின் நடுப்பகுதியில் தகரத் தகட்டைச் சுற்றிக் கட்டும் வழக்கத்தையும் இங்கே நினைவுகூரலாம். தகட்டில் நகம் பதியாததால் எலி வழுக்கிவிடும். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் வடங்களில் வட்டத் தகடுகளை மாட்டுவதும் இதே நோக்கில்தான். தென்னந்தோப்பும் துறைமுகமும் ஒரே தீர்வைக் கையாண்டன.

செட்டிநாட்டு வீடும் எலியும்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டின் பெருவீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் நகரத்தார் ஈட்டிய செல்வம் பர்மாத் தேக்காகவும், வெளிநாட்டுப் பளிங்காகவும், ஆத்தங்குடித் தரையோடாகவும் இங்கு வந்து சேர்ந்தது. இவ்வூர்த் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எலியைத் தடுக்கும் நோக்கில் பார்த்தால் இவ்வீடுகளுக்கு நல்ல கூறுகள் பல உண்டு. தரைமட்டம் தெருவைவிட உயர்ந்திருக்கும். சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து தேய்த்த சுவர்ப்பூச்சு கண்ணாடிபோல் வழவழப்பானது. சமையற்கட்டு வீட்டின் பின்கட்டில் தனியே இருக்கும். மளிகையும் சீர்ப்பொருள்களும் கனத்த கதவுள்ள அறைகளில் பூட்டி வைக்கப்படும்.

குறையும் உண்டு. நாட்டு ஓடுகளைப் பல அடுக்காகப் பரப்பிய கூரை, வெயிலைத் தடுப்பது போலவே எலிக்கும் நல்ல புகலிடம். ஓட்டிடுக்குகளில் அது கூடு கட்டும். முற்றத்து மழைநீர் வெளியேறும் தூம்பு பெருச்சாளிக்கு வாசல். வீட்டில் ஆள் நடமாட்டமும், நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் வழக்கமும் இருந்தவரை இக்குறைகள் பெரிதாகத் தெரியவில்லை.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. நகரத்தாரின் பர்மா வணிகம் சிதைந்தது. பின்னர்க் குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தன. ஒரே வீட்டில் பங்காளிகள் பலருக்கும் உரிமை இருந்ததால், பழுதுபார்க்கும் பொறுப்பு யாருக்கும் முழுமையாக இல்லாமல் போனது. திருமணம், படைப்பு போன்ற நிகழ்ச்சிகளுக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகள் பெருகின. ஆள் இல்லாத இடத்தை எலி பிடித்துக்கொண்டது. ஓலைச்சுவடி, கணக்கேடு, பட்டுச்சேலை, மரச்சாமான் ஆகியவற்றுக்கு ஏற்பட்ட சேதத்தில் கரையானோடு எலிக்கும் பங்குண்டு.

கொள்ளைநோய் தந்த பாடம்

எலியைப் பற்றிய உலகின் பார்வையை மாற்றியது பிளேக் நோய். 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் இந்நோயின் நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். 1896இல் நோய் பம்பாயை அடைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இதற்குப் பலியாயினர்.

ஆங்கில அரசு 1897இல் கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. நோய் அழுக்கிலிருந்து வருவதாக எண்ணி, வீடுகளுக்குள் புகுந்து பொருள்களை எரித்தனர், கூரையைப் பிரித்தனர், நோயாளிகளை வலிந்து இழுத்துச் சென்றனர். எலிக்காக வீட்டைக் கொளுத்திய பழமொழி இவ்வாறு அரசின் நடவடிக்கையாயிற்று. இதனால் எழுந்த சினத்தில் 1897 சூனில் புனேயின் பிளேக் அதிகாரி ராண்ட், சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார்.

அதே ஆண்டு வால்டிமர் ஹாஃப்கின் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கித் தம் உடலிலேயே சோதித்தார். 1898இல் கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், எலியிலிருந்து நோயைப் பரப்புவது அதன் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். முதலில் இதைப் பலர் நம்பவில்லை. பின்னர் 1905 முதல் பம்பாயில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. சிறு குடில்களைக் கட்டி அவற்றில் கினிப் பன்றிகளை விட்டுச் சோதித்தனர். தரையில் திரிந்தவை நோயுற்றன. தெள்ளுப்பூச்சி தாவ முடியாத உயரத்தில் கூண்டில் தொங்கவிடப்பட்டவை தப்பின. உறியின் தத்துவமே ஆய்வுக்கூடத்தில் நோயின் புதிரை விடுவித்தது.

இதிலிருந்து ஒரு முக்கியமான நடைமுறை உண்மை பிறந்தது. எலி இறந்தவுடன் அதன் உடல் குளிர்கிறது. தெள்ளுப்பூச்சிகள் அதை விட்டு வெளியேறி அடுத்த உடலைத் தேடுகின்றன. பிளேக் காலத்தில் எலி செத்து விழுந்தால் மக்கள் ஊரைக் காலி செய்து வெளியே குடிசை போட்டுத் தங்கியதன் காரணம் இதுவே. செத்த எலியை இன்றும் வெறுங்கையால் தொடக்கூடாது என்பதற்கும் இதுவே வரலாற்று அடிப்படை.

சென்னை மாகாணத்தில் சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு மாவட்டங்களில் நோய் பரவியது. நோயுள்ள பகுதியிலிருந்து வரும் இரயில் பயணிகளுக்குப் பிளேக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. அவர்கள் 10 நாள்கள் தொடர்ந்து அதிகாரிகளிடம் தம்மைக் காட்ட வேண்டும். கோயம்புத்தூர்ப் பகுதியில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் உள்ளன. இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நோய் பல ஆண்டுகள் நிலைத்திருந்தது. அங்கு நடத்திய விரிவான ஆய்வை ஜார்ஜ், வெப்ஸ்டர் ஆகியோர் 1934இல் வெளியிட்டனர்.

ஆனால் சென்னை நகரம் பம்பாயைப்போல் பாதிக்கப்படவில்லை. இதற்கு விடை தேடியவர் கொழும்பில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட். எலித்தெள்ளில் பல இனங்கள் உண்டு என்றும், சென்னையிலும் கொழும்பிலும் மிகுதியாக உள்ள இனம் நோயைத் திறம்படப் பரப்பாதது என்றும் அவர் விளக்கினார். எலி ஒன்றாகவே இருந்தாலும், அதன்மேல் வாழும் சிறு பூச்சியின் வேறுபாடு ஒரு நகரத்தையே காத்தது.

இன்று பிளேக் அரிதாகிவிட்டது. 1994இல் சூரத்தில் அது ஏற்படுத்திய பீதி பலருக்கு நினைவிருக்கும். தற்போது தமிழ்நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். நோயுற்ற எலியின் சிறுநீர் கலந்த நீரோ ஈர மண்ணோ நம் உடலில் உள்ள சிராய்ப்பில் படும்போது இது தொற்றுகிறது. உரிய நேரத்தில் கண்டறிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணப்படுத்தலாம்.

இருளரின் எலி பிடிக்கும் கலை

நஞ்சு இல்லாமல் எலியைப் பிடிப்பதில் தமிழ்நாட்டில் தேர்ந்தவர்கள் இருளர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வாழும் இவர்கள், வயல் வரப்பைப் பார்த்தே எந்த வளையில் எலி உள்ளது, எது கைவிடப்பட்டது என்று கூறிவிடுவர். வளையின் மறுவாய்களை அடைத்து, ஒரு மண்பானையில் வைக்கோல் முதலியவற்றை எரித்து, பானையின் துளையில் வாய் வைத்து ஊதிப் புகையை உள்ளே செலுத்துவர். மயங்கிய எலியைத் தோண்டி எடுப்பர். எலி உணவாகும், வளையில் அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். நிலத்துக்காரருக்கும் நன்மை.

ஆனால் இத்தொழில் இருளருக்கு நோயையும் தந்தது. புகையை உள்ளிழுப்பதால் மூச்சுக்கோளாறும், சூடான பானையால் உதடு வேகுதலும் ஏற்பட்டன. இதற்கு மாற்றாகக் கையால் சுழற்றி ஊதும் இரும்புக் கலம் ஒன்றைச் சேது சேதுநாராயணன் என்பவர் உருவாக்கினார். அவர் சார்ந்த சென்னைத் தொண்டு நிறுவனத்தின் இத்திட்டத்துக்கு 2003இல் உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தை விருது கிடைத்தது. வாயால் ஊதும் பானைக்குப் பதில் ஒரு சுழல் கைப்பிடி என்ற எளிய மாற்றம், பலரின் நுரையீரலைக் காக்கும் தீர்வாக அமைந்தது.

காவிரிப் படுகையின் வயல்களில் மூங்கிலை வளைத்து நாணேற்றிச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி மற்றொரு மரபுக் கருவி. இரையைத் தொட்டவுடன் வில் விடுபட்டு எலியை இறுக்கிவிடும். இரவில் கூகையும் ஆந்தையும் வந்து அமர்வதற்காக வயலில் குச்சிகளை நட்டு வைப்பதையும் வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர்.

பொறியிலிருந்து நஞ்சுக்கு

வீட்டுக்குள் எலியைப் பிடிக்க மரப்பெட்டிப் பொறியும் கம்பிக் கூண்டும் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. மசால்வடை, கருவாடு, தேங்காய்த்துண்டு ஆகியவை நம் ஊரில் வழக்கமான இரைகள். சுருள்கம்பி விசையால் அடித்துக் கொல்லும் பொறிக்கு 1894இல் அமெரிக்காவில் வில்லியம் ஹூக்கர் காப்புரிமை பெற்றார்.

இருபதாம் நூற்றாண்டில் நஞ்சு பெரும் இடம் பிடித்தது. இவற்றுள் வார்ஃபரினின் கதை சுவையானது. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் உள்ளே குருதி கசிந்து இறந்தன. காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் குழுவினர், குருதி உறைவதைத் தடுக்கும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதிலிருந்து உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதுவே இதய நோயாளிகளுக்கு மருந்தாகவும் ஆயிற்று. நாளடைவில் வார்ஃபரினைத் தாங்கும் எலிகள் பெருகவே, புரோமடையோலோன் போன்ற வலிய நஞ்சுகள் வந்தன.

இவற்றைவிடக் கொடியவை பாஸ்பரஸ் சார்ந்தவை. துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றில் நச்சுவாயுவை உண்டாக்கும். அலுமினியப் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டாலே அவ்வாயுவை வெளியிடும். தானியக் கிடங்குகளில் பயிற்சி பெற்றோரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய இது, குடியிருக்கும் வீட்டுக்கு உரியதன்று. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிப்பது. பற்பசைபோல் குழாயில் விற்கப்பட்ட இப்பசையால் தமிழ்நாட்டில் பலர் உயிரிழந்தனர். இதன் கேட்டை மருத்துவர்கள் தொடர்ந்து எடுத்துக்காட்டினர். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு இதன் விற்பனைக்குத் தடை விதித்தது.

இந்நஞ்சின் பெரிய ஆபத்து, தொடக்கத்தில் அறிகுறி தெரியாமல் இருப்பது. முதல் ஓரிரு நாள்கள் சாதாரண வாந்தியோடு நின்று, சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதன் பிறகே கல்லீரல் செயலிழக்கும். எனவே எந்த எலி மருந்தாயினும் ஒருவர் உடலில் சேர்ந்ததாக ஐயம் எழுந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்த நிகழ்வு தமிழ்நாட்டையே உலுக்கியது. ஒரு வீட்டில் எலித் தொல்லைக்காகப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மருந்து வைத்துச் சென்றனர். அன்றிரவு குளிர்சாதன வசதியுடன் மூடிய அறையில் உறங்கிய அக்குடும்பத்தின் இரு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எலியை ஒழிக்கும் வழி எலியைவிடப் பெரிய ஆபத்தானது.

பசை அட்டையும் நல்ல வழி அன்று. அதில் ஒட்டிக்கொண்ட எலி பல மணிநேரம் துடித்துச் சாகிறது. பல்லி, அணில், சிறு பறவைகளும் சிக்குகின்றன. இந்திய விலங்கு நல வாரியம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

தங்கும் வீடுகளுக்கு வரலாறு கூறும் வழிகள்

திருமயம் வட்டாரத்தைப் போன்ற இடங்களில் வாடகைக்கு விடப்படும் வீட்டில் மூவருக்குத் தொடர்பு உண்டு: வெளியூரில் வாழும் உரிமையாளர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவலர் அல்லது சமையல் பணியாளர், சில நாள் தங்கும் விருந்தினர். நஞ்சு வைத்தவர் ஒருவர், அதை அறியாமல் குழந்தையோடு தங்குபவர் மற்றொருவர் என்ற நிலை இங்கு எளிதில் ஏற்படும். ஆகவே இத்தகைய வீடுகளில் நஞ்சைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க இயலாத நிலையில் ஆள் இல்லாத நாள்களில், பயிற்சி பெற்றவர் மூலம் மட்டுமே செய்ய வேண்டும். மூடிய அறைகளை முழுமையாகக் காற்றோட விட்ட பிறகே விருந்தினரை அனுமதிக்க வேண்டும். என்ன மருந்து, எங்கே, எப்போது வைக்கப்பட்டது என்பதை எழுதியும் வைக்க வேண்டும்.

முன்னோர் கையாண்ட வழிகளை இன்றைக்கேற்பப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, வழியை அடைத்தல். எழுதுகோல் பருமனுள்ள துளை சுண்டெலிக்குப் போதும். கதவின் அடியிடுக்கு, குழாய் நுழையும் துளை, உடைந்த ஓடு, தூம்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். துணியோ அட்டையோ வைத்து அடைத்தால் எலி கடித்துவிடும். சுண்ணாம்பு அல்லது சிமெண்டுப் பூச்சும், தூம்புக்குக் கம்பிவலையும் ஏற்றவை. மரபு வீடுகளில் பழைய பூச்சின் தன்மைக்கு ஒத்த சுண்ணாம்பைப் பயன்படுத்துவது கட்டடத்துக்கும் நல்லது.

இரண்டாவது, உணவை நீக்குதல். விருந்தினர் புறப்பட்ட அன்றே அரிசி, பருப்பு, ரொட்டி, பழம் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். இருக்க வேண்டியவை எவர்சில்வர் தூக்கு, தகர டின், கண்ணாடி ஜாடி ஆகியவற்றில் இருக்கலாம். நெகிழிப் பையையும் மெல்லிய நெகிழி டப்பாவையும் எலி கடித்துவிடும். குதிரும் பத்தாயமும் செய்த வேலையை இன்று தகர டின் செய்கிறது. விளக்குத் திரி, சோப்பு, மெழுகுவத்தி ஆகியவையும் எலிக்கு உணவாகும் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, நடமாட்டம். பூட்டிய வீட்டை வாரம் ஒருமுறையாவது திறந்து, பெருக்கி, பரணையும் பின்கட்டையும் பார்ப்பது அவசியம். எலிப்புழுக்கையைக் கண்டால் உலர்ந்த நிலையில் பெருக்காமல், கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்து, கையுறை அணிந்து துடைக்க வேண்டும்.

நான்காவது, பிடித்தல். கம்பிக் கூண்டுகளைச் சுவரோரமாக வைக்க வேண்டும். எலி நடு அறையில் ஓடுவதில்லை. முதல் இரண்டு நாள்கள் பொறியைத் திறந்தபடியே இரையுடன் விட்டால் எலியின் அச்சம் நீங்கும். பொறியை நாள்தோறும் பார்ப்பது கட்டாயம்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. எலி உள்ள வீட்டுக்கு அதைத் தேடிப் பாம்பு வரும். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சாரைப்பாம்பு நஞ்சற்றது, ஆனால் நல்ல பாம்பும் எலியைத் தேடி வருவதே. ஆகவே எலியை அடைப்பது பாம்பையும் தள்ளி நிறுத்துவதாகும். தோட்டத்தில் கற்குவியலும் விறகும் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது.

முடிவுரை

எலியை முற்றிலும் ஒழித்த சமூகம் எதுவும் இல்லை. குதிரை மண்ணால் பூசிய உழவரும், உறி கட்டிய இல்லத்தாரும், வளையைப் படித்தறிந்த இருளரும் எலியின் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடந்தனர். பிளேக் காலத்தில் வீட்டை எரித்தவர்கள் அதை அறியாமல் செயல்பட்டனர். இன்று பூட்டிய அறையில் நஞ்சைத் தூவுவோரும் அதே தவற்றைச் செய்கின்றனர்.

செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாக மாறுவதால் ஒரு நன்மை உண்டு. ஆள் வாழும் வீடு பிழைக்கும். ஓடு மாற்றி, தூம்பை வலையிட்டு, சமையற்கட்டைத் தூய்மையாக வைத்திருக்கும் உரிமையாளர் விருந்தினரைக் காப்பதோடு நூறாண்டுத் தேக்கையும் ஏடுகளையும் காக்கிறார். வாடகைக்கு வீடு எடுப்போரும் முன்பதிவு செய்யும்போதே, அண்மையில் எலி மருந்தோ பூச்சி மருந்தோ அடிக்கப்பட்டதா என்று கேட்டறிவது நல்லது. குழந்தைகளுடன் செல்வோர் இக்கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.